முதியோர் வீடும் மராமத்து உதவியும்

ஏரிக்கரையில் நண்டு வளையைக் கண்ட குடியானவன் அப்பொழுதே ஒரு கூடை மண்ணை இட்டு மிதித்து அடைப்பான். மழைகாலம் வரட்டுமென்று காத்திருப்பவன் கரையையே இழப்பான். வீட்டின் விஷயமும் இத்தன்மையதே. உடைந்த இரண்டு ஓடுகளை உடனே மாற்றினால் சொற்பச் செலவோடு போகும். விட்டுவிட்டாலோ நீர் கைமரத்தில் இறங்கி, மரம் உளுத்து, சுவர் ஊறி, வீடே வாசத்திற்குத் தகாததாகும். இதனை அறியாதார் எவருமிலர். வயோதிகரிடத்தும் ஏழைகளிடத்தும் குறைவாயிருப்பது அறிவன்று, கைப்பொருளே.

இக்குறையைத் தீர்க்கச் சர்க்கார் முன்வருதல் தகுமா என்று ஆலோசிப்போருக்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அனுபவம் பயன்படும். அங்கே 1949-ஆம் வருஷத்து வீட்டுவசதிச் சட்டத்தின் 504-ஆம் பிரிவின்படி, கிராமங்களில் மிகக் குறைந்த வருமானத்தோடு சொந்த வீட்டில் வசிப்போருக்கு மராமத்து உதவி கிடைக்கிறது. இதனை நடத்துவது அந்நாட்டு விவசாய இலாகாவே. வேறிடத்தில் நியாயமான வட்டிக்குக் கடன் பெற இயலாதோருக்கு 40,000 டாலர் வரையில், நூற்றுக்கு 1 வட்டியில், 20 வருஷத் தவணைக்குக் கடன் அளிக்கப்படுகிறது. 62 வயது நிரம்பி, கடனைத் திருப்பச் சக்தியற்றோருக்கு, ஆரோக்கியத்திற்கும் உயிருக்கும் அபாயமான பழுதுகளை நீக்க, ஆயுளில் 10,000 டாலர் வரையில் மானியம் உண்டு. மானியம் பெற்றவர் 3 வருஷத்திற்குள் வீட்டை விற்பாராயின் அத்தொகையைத் திருப்பிக் கட்டவேண்டும்.

சொந்த வீட்டைச் செப்பனிடுவது உடையவன் கடமை என்றும், உதவி சோம்பலை வளர்க்குமென்றும் சிலர் ஆட்சேபிப்பர். எழுபது வயதான மூதாட்டி கூரையேறாதது சோம்பலாகுமா? அன்றியும், சக்தியுள்ளவனுக்குக் கடன், சக்தியற்றவனுக்கு மாத்திரம் மானியம், விற்று இலாபம் அடைவோனிடம் வசூல் என்னும் இம்முறையில் பொதுப் பணம் வீணாக இடமில்லை.

ஆயினும் இத்தகைய உதவிகளுக்குப் பெருந்தடை ஒன்றுண்டு. அந்நாட்டின் தென்பகுதியில், முக்கியமாகக் கறுப்பின மக்களிடையே, உயிலின்றித் தலைமுறை தலைமுறையாகப் பாகம் பிரியாமல் வந்த சொத்துக்கள் பல. 2005-இல் கத்ரீனா புயலால் வீடு சிதைந்த குடும்பங்களிற் பல, உரிமையைத் தெளிவாய் ருசுப்படுத்த முடியாமையால் மராமத்துப் பணம் பெறாமற்போயின. பணம் இருந்தது, பத்திரம் இல்லை.

தமிழ்நாட்டுக் கிராம உத்தியோகஸ்தர் இதனைத் தூரதேசச் செய்தியென்று தள்ளலாகாது. 2000-01-ஆம் ஆண்டு வரையில் கட்டப்பட்ட ஊரக வீடுகளுள் 2½ லட்சத்தைப் பழுதுபார்க்க 2,000 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்று இங்கும் 2024-இல் அறிவிக்கப்பட்டது. பாட்டன் பெயரிலேயே பட்டா நிற்கும் வீடுகள் எந்த ஊரில் இல்லை? விதவையான முதியவள் மனுவோடு வந்த பிறகு வாரிசுச் சான்று தேடச் சொல்வது, கரை உடைந்தபின் மண் தேடுவதை ஒக்கும். ஆகையால் முதியோர் தனித்து வசிக்கும் வீடுகளை உத்தியோகஸ்தர் முன்னதாகவே கணக்கெடுத்து, பட்டா மாறுதலுக்கு வழிகாட்ட வேண்டும். நிலச்சுவான்தார்களும் தங்கள் வயலில் உழைத்து மூப்படைந்தோரின் மனுக்களை எழுதி உதவுதல் முறையாகும். அவ்வுழைப்பால் நிறைந்த களஞ்சியங்கள் ஒழுகாமல் நிற்க, உழைத்தவர் கூரை ஒழுகுவது ஊருக்கு அழகன்று.