காரணமறியா நடுக்கம்

உடற்பருமனைக் குறைத்தற்பொருட்டு இரைப்பையிற் சத்திரசிகிச்சை செய்துகொண்டோர் சிலர், ஓராண்டோ அதற்கு மேலோ சென்றபின், காரணம் விளங்காத நடுக்கமும் பதைப்பும் தம்மைப் பற்றுவதாகக் கூறுவர். உற்றார் அதனை வெறும் மனப்பயமென்று ஒதுக்குவதுண்டு. அது முறையன்று.

1966 ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் எட்வேட் மேசன் தொடக்கிவைத்த வழியில், இரைப்பையைச் சிறிதாக்கிச் சிறுகுடலோடு இணைக்குமிடத்து, உணவு விரைந்து குடலை அடைகின்றது. இனிப்பும் மாவும் சடுதியாக இரத்தத்திற் கலக்க, இன்சுலின் மிகுதியாகச் சுரக்கின்றது. விளைவு யாது? உண்டு 1 முதல் 3 மணி நேரத்துள் இரத்தத்திற் சீனி தாழ்கின்றது. கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், இனம்புரியாத அச்சம் எழும். நடுக்கம் அச்சத்தால் வந்ததன்று. சீனிக் குறைவே இரண்டையும் விளைத்தது.

ஆகவே, நடுக்கம் தோன்றும் வேளையிற் சீனியை அளந்து, உண்டதையும் நேரத்தையும் குறித்து வைத்தியரிடம் காட்டுக. 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 70 மில்லிகிராமிற்குக் குறையின், 15 கிராம் குளுக்கோசை உடனே உட்கொள்க. பின்னர் முட்டையோ பயறோ சிறிது உண்க. இனிப்புப் பானங்களை விலக்கி, சிற்றளவாகப் பன்முறை உண்ணுதல் நன்று. சீனி தாழாதிருந்தும் நடுக்கம் நீடிப்பின், விற்றமின் குறைவு முதலிய பிற காரணங்களையும் வைத்தியர் ஆராய்தல் வேண்டும்.

நோயுற்றார் சொல்லை நம்புதலே இல்லத்தார் செய்யத்தக்க முதல் உதவியாகும்.