ஆதாரத்தை எங்கே தேடுவது?

"பஞ்சகவ்யாவுக்கு அறிவியல் ஆதாரம் இருக்கா?" என்று யாராவது கேட்டால் நம்மில் பலருக்குக் கோபம் வந்துவிடுகிறது. கேள்வி நியாயமானதுதான். வங்கியில் கடன் கேட்டு வந்தவரிடம் நானும் பத்திரம் கேட்டுத்தானே பணம் கொடுத்தேன்? வாட்ஸப்பில் சுற்றி வருவது பத்திரம் ஆகாது.

பெரும்பாலோர் நேரே கூகுள் ஸ்காலருக்குப் போறாங்க. இலவசம், பரப்பும் பெரிசு. ஆனால் நல்ல ஆய்விதழும், காசு வாங்கிக்கொண்டு எதையும் போடும் இதழும் அங்கே ஒரே வரிசையில் நிற்கும். பிறர் அதிகம் மேற்கோள் காட்டிய பழைய கட்டுரைகள் மேலே வந்துவிடும். போன வருஷத்து ஆய்வு அடியில் கிடக்கும்.

முதலில் கிருஷிகோஷைப் பாருங்க என்பேன். நம் நாட்டு வேளாண் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் அங்கே இருக்கின்றன. நம்ம மண், நம்ம பட்டம், நம்ம ரகம். மாணவர் ஆய்வு என்பதால் பல ஒன்றிரண்டு பருவத்தோடு முடிந்திருக்கும், அதை மனசில் வைத்துப் படிக்கணும். ஆனால் எத்தனை பாத்தி, எதுவும் தெளிக்காத பாத்தியில் என்ன மகசூல், செலவு எவ்வளவு என்று அட்டவணை விரிவாக இருக்கும். நான் முதலில் பார்ப்பது அந்தத் தெளிக்காத பாத்தியைத்தான்.

இயற்கை வேளாண்மைக்கென்றே 2002இல் டென்மார்க்கில் தொடங்கியது ஆர்கானிக் ஈபிரிண்ட்ஸ். களை, பயிர்ச்சுழற்சி பற்றி நிறையக் கிடைக்கும். பெரும்பகுதி ஐரோப்பிய ஆய்வு. குளிரில் விளையும் கோதுமைக்குச் சொன்னதை சம்பா நெல்லுக்கு அப்படியே எடுக்க முடியாது. ஐ.நா. உணவு, வேளாண்மை நிறுவனத்தின் அக்ரிஸில் பல சமயம் சுருக்கம் மட்டும்தான்.

எங்கே தேடினாலும் எழுத்துக்கூட்டல் ஒரு தொல்லை. ஜீவாமிர்தத்தை ஆங்கிலத்தில் ஒருவர் ஜீவாம்ருத் என்பார், இன்னொருவர் ஜீவாம்ருதா என்பார். நாலைந்து விதமாகப் போட்டுப் பாருங்க. வேம்பு என்றால் அசாடிராக்டா இண்டிகா என்றும் போடணும்.

வேளாண்மைக்கு ஆழமான தளம் கேப் அப்ஸ்ட்ராக்ட்ஸ். அதற்குச் சந்தா கட்டணும். ஆய்விதழ்களுக்காக 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மத்திய அரசு 2024 நவம்பரில் 3 ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. அரசுக் கல்லூரிக்காரர்கள் படிக்கலாம். வரி கட்டும் உழவனுக்கு அதில் இடமில்லை. வேளாண் கல்லூரி நூலகங்களில் ஒரு கணினியையாவது உழவர்களுக்குத் திறந்துவிடச் சொல்லி நம் இயக்கம் கேட்கணும். அதுவரை, கட்டுரை பூட்டிக் கிடந்தால் எழுதியவருக்கே மின்னஞ்சல் போடுங்க. முகவரி பெரும்பாலும் முதல் பக்கத்திலேயே இருக்கும். கேட்டால் அனுப்பி வைக்கிறவங்க இருக்காங்க.