வேலி இல்லாத பக்கம்

கென்யான்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? ஜீப், கேமரா, சிங்கம். சரி, அந்தச் சிங்கம் ராத்திரி எங்கே போகும்னு யோசிச்சதுண்டா?

1946-ல் தொடங்கிய நைரோபி தேசியப் பூங்கா வெறும் 117 சதுர கிலோமீட்டர்தான். மூன்று பக்கம் மின்வேலி, தெற்குப் பக்கம் திறந்தவெளி. வரிக்குதிரைகள் மேய்ச்சல் தேடி அந்த வழியாக வெளியே போகும். பின்னாலேயே சிங்கமும் போகும். அங்கே இருப்பது மசாய் மக்களின் மாட்டுப்பட்டி. 2012 ஜூனில், ஆடுகளை அடித்த 6 சிங்கங்களை ஊர்க்காரர்கள் கொன்றார்கள்.

அவங்களைத் திட்டுறது சுலபம். ஆனா டிக்கெட் காசு பூங்காவுக்கு, நஷ்டம் மட்டும் மாட்டுக்காரருக்குன்னா, எத்தனை நாள் பொறுப்பாங்க?

அதே வட்டாரத்துப் பள்ளிச் சிறுவன் ரிச்சர்ட் துரேரே. டார்ச்சோடு ஆள் நடமாடினால் சிங்கம் கிட்டே வராததைக் கவனித்தான். பழைய கார் பேட்டரி, சோலார் பேனல், மோட்டார் சைக்கிள் இண்டிகேட்டர் பெட்டி, டார்ச் பல்புகள். அவ்வளவுதான். விளக்குகள் பட்டியைச் சுற்றி மாறி மாறி மின்ன, ஆள் நடமாட்டம் என்று நினைத்துச் சிங்கம் விலகிப் போனது. 2013-ல் டெட் மேடையில் அதைப் பற்றிப் பேசினான்.

நம்மிடம் லேப் இருக்கு, ட்ரோன் இருக்கு. அவனிடம் இருந்தது பிரச்சினைக்குப் பக்கத்திலேயே வாழ்ந்த அனுபவம். அடுத்த முறை வனவிலங்கு ப்ராஜெக்ட் எடுத்தால், சிங்கத்தை எண்ணும் முன், பட்டிக்காரர் ராத்திரி தூங்கினாரான்னு கேளுங்க. அவர் நிம்மதியாத் தூங்கினால்தான் சிங்கம் பிழைக்கும்.