பார்லிமெண்டைப் பூட்ட மந்திரிக்கு உரிமை ஏது?

அரசியல் சட்டம் என்றால் அது வக்கீல்களுக்கும் பட்டதாரிகளுக்கும் மாத்திரம் சொந்தமான ஒரு சங்கதி என்றும், பாமர மக்களுக்கு அதில் வேலையில்லை என்றும் நம்மில் அநேகர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். வேதத்தைக் காதால் கேட்டாலே குற்றம் என்று சொல்லிவைத்த நாட்டில் இப்படிப்பட்ட எண்ணம் இருப்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் சங்கதி மிகவும் எளிது. ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் காரியதரிசி, அங்கத்தினர்கள் கணக்குக் கேட்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும், கூட்டம் நடக்கும் கட்டடத்தைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, 5 வாரம் கழித்து வாருங்கள் என்று சொன்னால் அங்கத்தினர்கள் சும்மா இருப்பார்களா? இங்கிலாந்தில் 2019-ம் வருஷம் நடந்தது ஏறக்குறைய இதுதான்.

ஐரோப்பிய யூனியனைவிட்டு விலகுவது என்று 2016-ல் அத்தேச மக்கள் ஓட்டளித்து முடிவு செய்திருந்தார்கள். எந்த நிபந்தனையின்பேரில் விலகுவது என்பதில்தான் தகராறு. 2019 அக்டோபர் 31-ந் தேதி கெடு. அதற்கு முன் 8 வாரந்தான் பாக்கி. அந்த 8 வாரத்தில் 5 வாரத்துக்குப் பார்லிமெண்டை ஒத்திவைக்கும்படி பிரதம மந்திரி போரிஸ் ஜான்சன் ஆகஸ்டு 28-ந் தேதி எலிசபெத் ராணியாருக்கு யோசனை சொல்லி உத்தரவு வாங்கிவிட்டார். உத்தரவு என்னமோ ராணியார் பெயரால்தான் வந்தது. ஆனால் ராணியாருக்கு அதில் சொந்த இஷ்டம் கிடையாது. மந்திரி சொன்னபடி செய்வதே அங்குள்ள வழக்கம். நம் ஊர்ப் பூசாரி, சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று சொல்வதில்லையா? சாமி வாய் திறந்ததை யார் பார்த்தார்கள்!

பார்லிமெண்டுக்கு விடுமுறை விடுவது சகஜந்தானே என்று சிலர் கேட்டார்கள். விடுமுறை வேறு, இந்த ஒத்திவைப்பு வேறு. விடுமுறையைச் சபையே ஓட்டுப்போட்டு எடுத்துக்கொள்கிறது. அப்போதும் கமிட்டிகள் கூடலாம், மந்திரிகளை எழுத்து மூலமாகக் கேள்வி கேட்கலாம். ஒத்திவைப்பிலோ சபைக்குப் பேச்சே இல்லை. கமிட்டி இல்லை, கேள்வி இல்லை, முடியாமல் நிற்கும் மசோதாக்கள் பெரும்பாலும் செத்துப்போகும். புதிய கூட்டத்தொடருக்கு ஆயத்தம் செய்ய 4 முதல் 6 நாள் போதும் என்று முன்னாள் பிரதமர் ஜான் மேஜர், அதுவும் ஜான்சனுடைய கட்சியைச் சேர்ந்தவரே, கோர்ட்டில் எடுத்துக் காட்டினார்.

இதில் நாம் முக்கியமாகக் கவனிக்கவேண்டியது ஒன்று. ஜான்சன் பிரதமரானது எப்படி? அவ்வருஷம் ஜூலையில் அவர் கட்சி அங்கத்தினர்கள் 92,153 பேர் அவருக்கு ஓட்டளித்தார்கள். 4 கோடிக்கு மேற்பட்ட வாக்காளர் உள்ள தேசத்தில் 92,153 பேர்! அப்படியிருந்தும் அவர் பிரதமராயிருந்தது சட்டப்படி செல்லும். ஏன் செல்லும்? காமன்ஸ் சபை அவரை எந்த நாளும் எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்கலாம், நம்பிக்கையில்லை என்று தீர்மானித்து வெளியேற்றலாம் என்கிற ஒரே காரணத்தால்தான் செல்லும். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு அந்தச் சபையைத் தவிர வேறு பத்திரம் கிடையாது. அப்படிப்பட்டவர் சபையின் கதவைச் சாத்துவது, குத்தகைக்காரன் நிலச் சொந்தக்காரனை ஊருக்குள் வராதே என்பதற்குச் சமானம்.

நிற்க, இந்த வியாதி அங்கு புதிதல்ல. அரசர்கள் பூமியில் கடவுளின் பிரதிநிதிகள் என்று 1610-ல் ஜேம்ஸ் அரசர் பார்லிமெண்டாரிடமே பேசினார். கடவுளின் பிரதிநிதி என்ன செய்தார் தெரியுமா? லண்டனில் புது வீடு கட்டக்கூடாது, கோதுமையிலிருந்து துணிக்குப் போடும் கஞ்சிப்பசை காய்ச்சக்கூடாது என்று தம் இஷ்டத்துக்கு விளம்பரம் போட்டார்! பிரதம நீதிபதி கோக் என்பவரும் இன்னும் 3 ஜட்ஜிகளும், தேசச் சட்டம் கொடுத்த அதிகாரத்துக்குமேல் அரசருக்கு எந்த அதிகாரமும் கிடையாது, விளம்பரத்தால் புதுக் குற்றத்தை உண்டாக்க முடியாது என்று அபிப்பிராயம் கொடுத்தார்கள். 1616-ல் கோக் உத்தியோகத்தை இழந்தார். அவர் சொன்ன சட்டம் மாத்திரம் நிலைத்தது. ஜேம்ஸின் மகன் சார்லஸ் 1629 முதல் 1640 வரை பார்லிமெண்டைக் கூட்டாமலே ஆண்டு பார்த்தார். 1649 ஜனவரி 30-ல் அவர் தலை போயிற்று. கடவுள் தம் பிரதிநிதிக்காக ஒரு விரலையும் அசைக்கவில்லை. பிறகு 1689-ல், பார்லிமெண்டு சம்மதமின்றிச் சட்டத்தை நிறுத்திவைப்பதும் வரி வசூலிப்பதும் செல்லாது என்று எழுத்திலேயே வாங்கிக்கொண்டார்கள்.

இந்த 400 வருஷத்துச் சமாச்சாரந்தான் 2019 செப்டம்பரில் கோர்ட்டுக்கு வந்தது. இது அரசியல், எங்கள் வேலையல்ல என்று லண்டன் ஹைகோர்ட்டு ஜட்ஜிகள் 3 பேர் கைகழுவினார்கள். ஸ்காட்லாந்து ஜட்ஜிகள் 3 பேர், உத்தரவு சட்டவிரோதம் என்றார்கள். அப்பீலில் சுப்ரீம் கோர்ட்டில் 11 ஜட்ஜிகள் உட்கார்ந்து, செப்டம்பர் 24-ந் தேதி ஏகமனதாகத் தீர்ப்புக் கூறினார்கள். சட்டம் செய்யும் தலைமை பார்லிமெண்டுக்கு உரியது, மந்திரிகள் பார்லிமெண்டுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். தக்க காரணமின்றி இவ்விரண்டையும் தடுக்கும் ஒத்திவைப்பு சட்டப்படி செல்லாது என்பதே தீர்ப்பின் சாரம். மந்திரியின் உள்நோக்கத்தை அவர்கள் ஆராயவே இல்லை. 5 வாரம் எதற்கு என்றுதான் கேட்டார்கள். அதற்குச் சத்தியப் பிரமாணத்தின்பேரில் காரணம் சொல்ல சர்க்கார் தரப்பில் ஒரு ஆள்கூட வரவில்லை. உத்தரவு வெற்றுக் காகிதமாயிற்று. மறுநாளே சபை கூடிற்று. நியூயார்க்கில் இருந்த பிரதமர் அவசரமாகப் பறந்து வந்து சபையில் நின்று பதில் சொன்னார். அக்டோபரில் அவர் மறுபடியும் ஒத்திவைத்தபோது அது 8-ந் தேதி முதல் 14-ந் தேதி வரைதான்.

ஓட்டு வாங்காத ஜட்ஜிகள் மக்கள் சர்க்காரை மடக்கலாமா என்று கூக்குரலிட்டார்கள். ஜட்ஜிகள் எந்தச் சட்டத்தையும் செய்துவிடவில்லை, எந்த மந்திரியையும் நீக்கிவிடவில்லை. ஓட்டு வாங்கி வந்த சபையின் கதவைத் திறந்துவிட்டார்கள், அவ்வளவுதான். அவ்வருஷம் டிசம்பரில் நடந்த தேர்தலில் அதே ஜான்சன் பெரிய மெஜாரிட்டியோடு ஜெயித்தும் வந்தார். அதை எந்தக் கோர்ட்டும் தடுக்கவில்லையே!

ஜெயித்து வந்தபின் என்ன செய்தார் என்பதையும் சொல்லிவிடவேண்டும். 2022-ல் ஒரு சட்டம் நிறைவேற்றினார்கள். பார்லிமெண்டைக் கலைக்கும் அதிகாரத்தைப் பிரதமரின் யோசனைப்படி நடக்கும் கிரௌனுக்கே திருப்பிக் கொடுத்து, அதன் 3-வது பிரிவில், இதைப்பற்றி எந்தக் கோர்ட்டும் கேள்வி கேட்கக்கூடாது என்று எழுதிவைத்தார்கள். கலைத்தால் தேர்தலாவது வரும், அதனால் கெடுதல் குறைவு என்று சமாதானம் சொல்கிறார்கள். இருக்கலாம். ஒத்திவைப்பை அந்தப் பிரிவு தொடவில்லை என்பதும் உண்மையே. ஆனால் தப்பு செய்யும் எண்ணம் இல்லாதவன் கோர்ட்டு வாசலுக்கு எதற்காக முன்கூட்டியே முள் வெட்டிப் போடுகிறான்?