மறைக்க வேண்டிய நோயன்று

நம் ஊர்ப் பேருந்து நிலையச் சுவர்களை நோக்கியவர்கள் ஒருவகை விளம்பரத்தைக் காணாமல் இருந்திருக்க இயலாது. மூலம், பவுத்திரம், ஆசனவாய் வெடிப்பு ஆகியவற்றைக் கத்தியின்றி வலியின்றிக் குணப்படுத்துவதாகப் பெரிய எழுத்துகளில் அது அறிவிக்கும். வியப்பு யாதெனில், வீதியில் இத்துணை உரக்கப் பேசப்படும் நோய், வீட்டுக்குள் நுழைந்ததும் ஊமையாகிவிடுகிறது. மலம் கழிக்கையில் இரத்தம் வருவதைக் கணவன் மனைவியிடம் கூறுவதில்லை. தாய் மகளிடம் கூறுவதில்லை. முதியவர்களோ மருத்துவரிடம் சென்றாலும் வயிற்றுவலி என்று மட்டும் சொல்லிவிட்டு மீண்டுவிடுகிறார்கள்.

இது வெறும் கூச்சமாக நின்றுவிடுமாயின் நாம் இதனை இங்கு எடுத்துப் பேச வேண்டியதில்லை. ஆயின் இஃது உயிரையே விலையாகக் கேட்கும் கூச்சம். எளிதில் நீக்கப்படக்கூடிய நோய், உரிய காலத்தில் சொல்லப்படாத ஒரே காரணத்தால் முற்றிப்போவதுண்டு. எனவே குடல், மலக்குடல் நோய்களுக்கு அறுவைச் சிகிச்சை இன்று என்ன செய்ய வல்லது என்பதையும், மருத்துவரை நாம் எப்போது நாட வேண்டும் என்பதையும் இம்மாதம் நோக்குவோம்.

காவல் காக்கும் தசைகள்

நாம் உண்ணும் உணவு, ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுள்ள சிறுகுடலில் செரித்துச் சத்து உறிஞ்சப்பட்டபின், ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமுள்ள பெருங்குடலை அடைகிறது. அங்கு நீர் உறிஞ்சப்பட்டு, எஞ்சியது மலமாக இறுகுகிறது. பெருங்குடலுக்கு அடுத்து, கடைசியாக 12 முதல் 15 சென்டிமீட்டர் வரை உள்ள பகுதியே மலக்குடல். அதன் வாயிலில் இரண்டு வளையத் தசைகள் காவல் நிற்கின்றன. ஒன்று நம் விருப்பத்திற்குக் கட்டுப்பட்டது. மற்றொன்று நாம் அறியாமலே இயங்குவது. மலத்தை உரிய நேரம் வரை அடக்கிவைக்கும் ஆற்றலுக்கு இத்தசைகள் இன்றியமையாதவை. இவ்விடத்தில் கத்தி வைக்கும் மருத்துவரின் திறமையெல்லாம், நோயை நீக்குவதோடு இக்காவலரையும் காப்பாற்றுவதில்தான் அடங்கியிருக்கிறது.

மூவகைத் துன்பங்கள்

மலத்தோடு இரத்தம் வருவதற்குப் பெரும்பாலும் மூலமே காரணம் என்பது உண்மைதான். ஆசனவாயின் உட்புறத்தில் இயல்பாகவே அமைந்துள்ள இரத்த நாளத் திண்டுகள், மலச்சிக்கலாலும் முக்குவதாலும் வீங்கிச் சரிவதையே மூலம் என்கிறோம். வலியின்றிப் பளிச்சென்ற சிவப்பு இரத்தம் சொட்டுவது இதன் இயல்பு. துத்திக்கீரையையும் கருணைக்கிழங்கையும் சமைத்துக் கொடுக்கும் பாட்டிமாரை நாம் எள்ளி நகையாட வேண்டியதில்லை. நார்ச்சத்தும் நீரும் மலத்தை இளக்குவதால் தொடக்கநிலை மூலம் தணிவதுண்டு. தணியாதபோது, வீங்கிய திண்டின் அடியில் மருத்துவர் ஒரு சிறு ரப்பர் வளையத்தை மாட்டிவிடுவார். சில நாட்களில் அது வாடி உதிர்ந்துவிடும். அவ்விடத்தில் வலியுணர்வு மிகக் குறைவாகையால் இதற்கு மயக்க மருந்தும் பொதுவாக வேண்டுவதில்லை. மிக முற்றி வெளியே தள்ளி நிற்கும் மூலத்துக்கே பெரும்பாலும் அறுவைச் சிகிச்சை தேவைப்படுகிறது.

இரண்டாவது, ஆசனவாய் வெடிப்பு. இறுகிய மலம் தோலைக் கிழிப்பதால் இது உண்டாகிறது. மலம் கழிக்கையிலும் அதன்பின் நெடுநேரமும் மிளகாய் அரைத்துத் தடவியது போன்ற எரிச்சல் இருக்கும். இளஞ்சூடான நீர் நிறைந்த தொட்டியில் அமர்வதாலும், மலத்தை இளக்கும் உணவாலும், பூச்சு மருந்தாலும் பெரும்பாலோர் குணமடைகின்றனர். ஆறாத வெடிப்புக்கு உட்தசையில் ஒரு சிறு பகுதியை வெட்டித் தளர்த்துகிறார்கள்.

மூன்றாவது, பவுத்திரம். ஆசனவாயின் உட்புறச் சுரப்பியில் கிருமி தங்கிச் சீழ்க்கட்டி உண்டாகி, அது தோலின் வழியே உடைத்துக்கொண்டு வெளிவரும்போது, உள்ளிருந்து வெளிவரை ஒரு சிறு சுரங்கம் ஏற்பட்டுவிடுகிறது. இச்சுரங்கம் மருந்தால் மட்டும் தூர்வது அரிது. அதனைத் திறந்து ஆறவிடுதல் வேண்டும். வளையத் தசையை ஊடுருவிச் செல்லுமாயின் நூல் கட்டிப் படிப்படியாகக் குணப்படுத்துதல் வேண்டும். காரமருந்து தோய்த்த நூலை உட்செலுத்தும் முறை சுசுருதரின் வடமொழி நூலிலேயே கூறப்பட்டுள்ளது. அம்முறை நம் நாட்டில் இன்றும் கையாளப்படுகிறது.

இந்நோயைக் குறித்து வரலாற்றில் ஒரு செய்தி உண்டு. பிரான்சு நாட்டு மன்னர் பதினான்காம் லூயி 1686-ஆம் ஆண்டு பவுத்திரத்தால் மாதக்கணக்கில் வருந்தினார். பெலிக்ஸ் என்னும் அறுவை மருத்துவர், ஏழை நோயாளிகளிடம் முதலில் செய்து பழகி, அதற்கெனத் தனிக் கருவியும் செய்வித்து, அவ்வாண்டு நவம்பர் 18 அன்று வெர்சாய் அரண்மனையில் மன்னருக்கு அறுவை செய்தார். மயக்க மருந்து கண்டறியப்படாத காலம் அது. மன்னர் நலமடைந்தார். அரசனுக்கே வந்த நோய் என்றதும் கூச்சம் பறந்தோடிற்று; அரசவைப் பிரபுக்கள் சிலர் தமக்கும் அந்நோய் உண்டென்று கூறிப் பெருமை கொண்டனராம்! நோயில் இழிவு ஏதுமில்லை, இழிவென்பது நம் எண்ணத்திலேதான் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ? மன்னரின் நலத்துக்காகத் தம் உடலை முதலில் கத்திக்குக் கொடுத்த, பெயர் தெரியாத அவ்வேழைகளையும் நாம் மறத்தலாகாது.

"எல்லாம் மூலந்தான்"

இனி நாம் சொல்ல வந்த முதன்மையான செய்திக்கு வருவோம். இரத்தம் கண்டவுடன் "மூலந்தான், உடல் சூடு" என்று தாமே முடிவு கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருப்போர் பலர். மலக்குடல் புற்றுநோயும் இரத்தத்தின் வாயிலாகவே தன்னை வெளிக்காட்டக்கூடும். மூலம் உள்ள ஒருவருக்கே புற்றுநோயும் இருக்கலாம். இது முதியவர்க்கு மட்டும் வரும் நோயும் அன்று. நம் நாட்டில் 40 வயதுக்கு உட்பட்டோரிடமும் இது காணப்படுகிறது.

ஐயம் கொள்ள வேண்டிய அறிகுறிகள் இவை: மலத்தோடு கலந்து வரும் இரத்தம் அல்லது சளி, வழக்கமான மலப்போக்கு மாறி, சிக்கலோ பேதியோ சில வாரங்கள் தொடர்தல், கழித்த பின்னும் இன்னும் மிச்சம் இருப்பது போன்ற உணர்வு, காரணமின்றி உடல் இளைத்தல், வயது வந்த ஆண்களுக்கும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் காரணம் தெரியாமல் ஏற்படும் இரத்தசோகை. இவற்றுள் ஒன்று காணப்பட்டாலும் மருத்துவரிடம் மறைக்காமல் கூறுதல் வேண்டும்.

மருத்துவர் செய்யும் முதல் சோதனை மிக எளியது. உறையணிந்த விரலால் மலக்குடலைத் தொட்டுப் பார்த்தல் என்பதே அது. ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும் இச்சோதனையால் மலக்குடலின் கீழ்ப்பகுதியில் தோன்றும் கட்டிகளை அறிந்துவிடலாம். பெண்கள் பெண் மருத்துவரை நாடலாம். உடன் ஒரு செவிலியர் இருக்கும்படி கேட்கலாம். அது நோயாளியின் உரிமை. அடுத்த சோதனை, வளையும் குழாய் ஒன்றால் குடலின் உட்புறம் முழுவதையும் கண்ணால் காணும் கொலோனோஸ்கோபி. குடற்புற்று பெரும்பாலும் பாலிப் எனப்படும் சிறு சதை வளர்ச்சியாகவே தொடங்கிப் பல ஆண்டுகள் கழித்தே புற்றாக மாறுகிறது. அச்சதையை அக்குழாயின் வழியாகவே சுருக்குக் கம்பியிட்டு அகற்றும் முறை 1969-ஆம் ஆண்டு முதல் வளர்ந்துள்ளது. வயிற்றைத் திறவாமலே, வரவிருந்த புற்றுநோய் இவ்வாறு தடுக்கப்பட்டுவிடுகிறது.

அறுவை மருத்துவம் கடந்து வந்த வழி

புற்றுநோயென்று உறுதியானாலும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. இலண்டன் மாநகரின் அறுவை மருத்துவர் எர்னெஸ்ட் மைல்ஸ் என்பவர், தாம் கீழ்ப்புறமாக மட்டும் அறுத்து மலக்குடல் புற்றை அகற்றிய 57 நோயாளிகளுள் 54 பேருக்கு நோய் மீண்டும் வந்ததைக் கண்டார். தம் தோல்வியை மறைக்காமல் அதன் காரணத்தை ஆராய்ந்தார். நோய், நிணநீர் வழியே மேல்நோக்கியும் பரவுவதை உணர்ந்து, வயிற்றின் வழியாகவும் கீழ்ப்புறமாகவும் அறுத்து மலக்குடலை முழுவதும் அகற்றும் முறையை 1908-ஆம் ஆண்டு வெளியிட்டார். அம்முறையில் முதலில் சிகிச்சை பெற்ற 12 பேருள் ஐவர் உயிர் பிழைக்கவில்லை. ஆயினும் நோயை வேரறுக்கும் வழி பிறந்துவிட்டது. பின்னர் மயக்க மருத்துவமும், இரத்தம் ஏற்றுதலும், கிருமிக்கொல்லி மருந்துகளும் வளர வளர, அறுவையால் நேரும் ஆபத்து வெகுவாகக் குறைந்தது.

1932-ஆம் ஆண்டு, அதே நகரின் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த கத்பர்ட் டியூக்ஸ் என்பவர், நோய் குடற்சுவருக்குள் அடங்கியதா, சுவரைக் கடந்ததா, நிணநீர்க் கணுக்களை எட்டியதா என மூன்று நிலைகளாகப் பிரித்துக் காட்டினார். சுவருக்குள் அடங்கிய நிலையில் சிகிச்சை பெறுவோருள் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் நலமாக வாழ்கின்றனர். கல்லீரல், நுரையீரல் எனத் தொலைவான உறுப்புகளுக்குப் பரவிய பின் வருவோருள் அவ்வாறு வாழ்வோர் பத்தில் இருவருக்கும் குறைவே. கத்தி ஒன்றே, மருத்துவர் ஒருவரே, வேறுபாடு, நோயாளி வந்து சேர்ந்த காலத்தில் உள்ளது.

1982-ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் பேசிங்ஸ்டோக் நகரத்து மருத்துவர் பில் ஹீல்ட் மற்றுமொரு படியைக் காட்டினார். மலக்குடலைச் சூழ்ந்துள்ள கொழுப்புறையைக் கிழிக்காமல், அதன் இயற்கையான எல்லையை ஒட்டியே நுணுக்கமாகப் பிரித்து முழுமையாக எடுத்தால், நோய் அதே இடத்தில் மீண்டும் தோன்றுவது மிகக் குறையும் என்பதே அது. முன்னர் பல மருத்துவமனைகளில் ஐவரில் ஒருவருக்கு மேலும் திரும்பி வந்த நோய், இம்முறையால் பத்தில் ஒருவருக்கும் குறைவாயிற்று. குடலின் இரு முனைகளையும் வட்டமாகத் தைத்து இணைக்கும் கருவியும் 1970களில் பரவியதால், முன்பு ஆசனவாயையே இழந்திருக்க வேண்டிய பலர் இன்று அதனை இழப்பதில்லை. அறுவைக்கு முன் கதிரியக்கமும் மருந்தும் கொடுத்துக் கட்டியைச் சுருக்குகிறார்கள். சிலருக்குக் கட்டி முற்றிலும் மறைந்துவிடுவதால், அத்தகையோரை அறுவையின்றிக் கண்காணித்து வரலாம் என்று பிரேசில் நாட்டுப் பெண் மருத்துவர் ஏஞ்சலிட்டா ஹாப்ர்-காமா 2004-ஆம் ஆண்டு எடுத்துரைத்தார்.

வயிற்றில் ஒரு வாயில்

"வயிற்றில் பை வைத்துவிடுவார்களாம்" என்னும் அச்சமே பலரை மருத்துவமனை வாயிலிலிருந்து திருப்பி அனுப்புகிறது. குடலின் முனையை வயிற்றின் மேற்புறம் கொண்டுவந்து, மலம் ஒரு பையில் சேருமாறு செய்வதே இந்த ஏற்பாடு. பலருக்கு இது தற்காலிகமானது. உள்ளே இணைத்த குடல் ஆறும் வரை சில மாதங்கள் வைத்திருந்து பின் மூடிவிடுவார்கள். நோய் மிகத் தாழ்வான இடத்தில் உள்ள சிலருக்கே நிலையாக அமைகிறது.

நிலையாக அமைந்தாலும் வாழ்வு நின்றுவிடுவதில்லை. 1793-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் பிரெஸ்ட் நகரில், ஆசனவாய் இன்றிப் பிறந்த பச்சிளங் குழந்தை ஒன்றுக்கு டியூரே என்னும் மருத்துவர் இவ்வாறு வயிற்றில் வழி அமைத்தார். அக்குழந்தை வளர்ந்து 45 வயது வரை வாழ்ந்தது. அக்காலத்தில் ஒட்டும் பை கிடையாது. துணியைக் கட்டியே சமாளிக்க வேண்டியிருந்தது. இந்நிலையை மாற்றியவர் டென்மார்க் நாட்டுச் செவிலியர் எலிசே சோரென்சன். அவருடைய தங்கைக்கு இத்தகைய வாயில் அமைக்கப்பட்டது. கசிவுக்கு அஞ்சித் தங்கை வீட்டைவிட்டு வெளியே செல்ல மறுத்ததைக் கண்டு மனம் பொறாமல், தோலில் ஒட்டிக்கொள்ளும், கழற்றி எறியக்கூடிய பையை 1954-ஆம் ஆண்டு அவர் சிந்தித்து உருவாக்கினார். உடன்பிறந்தாளின் அன்பில் விளைந்த அப்பை, இன்று உலகெங்கும் எண்ணற்றோரை மீண்டும் அலுவலகத்துக்கும் வயலுக்கும் திருமண வீட்டுக்கும் அனுப்பி வைக்கிறது. உடைக்குள் அது வெளியே தெரிவதில்லை. உண்ணலாம், குளிக்கலாம், பயணம் செய்யலாம், இல்லறமும் நடத்தலாம்.

குடும்பத்தின் கடமை

இந்நோயில் குடும்பத்தாரின் பங்கு மருந்துக்குச் சற்றும் குறைந்ததன்று. பை வைத்தவர் அமர்ந்த இடத்தைவிட்டு மற்றவர் விலகி அமர்வதும், அவருக்குத் தட்டும் குவளையும் தனியே வைப்பதும் கொடுமை. இது தொற்றுநோய் அன்று. பையை மாற்றும் முறையை மருத்துவமனைச் செவிலியரிடம் நோயாளியோடு மற்றொருவரும் கற்றுக்கொள்ளுதல் நலம். பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ குடற்புற்று வந்திருப்பின், மற்றவர்கள் 40 வயதிலோ, நோய் கண்டவரின் வயதுக்குப் பத்தாண்டு முன்னதாகவோ, எது முந்தியதோ அப்போது குடற்சோதனை செய்துகொள்ளுதல் வேண்டும். கீரை, காய்கறி, பருப்பு, முழுத்தானியம் இவற்றை மிகுதியாக உண்பதும், புகையிலையையும் மதுவையும் விலக்குவதும், நாள்தோறும் உடலுக்கு உழைப்புத் தருவதும் நோய் வரும் வாய்ப்பைக் குறைக்கும்.

எல்லாவற்றிற்கும் மேலாக, வீட்டில் இதுபற்றிப் பேசப் பழகுவோம். சோறு பிடிக்கவில்லை என்றால் ஏன் என்று கேட்கும் நாம், "மலம் சரியாகப் போகிறதா? இரத்தம் ஏதும் வருகிறதா?" என்று முதியவர்களிடம் கேட்பதில் தவறில்லை. மருமகள் கேட்க நாணினால் மகன் கேட்கட்டும். தாய் சொல்ல நாணினால் மகள் துணை செல்லட்டும். இரத்தம் கண்ட அன்றே சொல்லிவிட்டவருக்கு அது வெறும் மூலமாகவே இருக்கலாம். அச்சம் தீர்ந்து அன்றிரவு நிம்மதியாக உறங்கலாம். வேறு நோயாக இருப்பினும், அதனை வெல்வதற்கு வேண்டிய காலம் அவர் கையில் இருக்கும்.