துண்டு போட்டு இடம்பிடித்து ஓபரா பார்க்கலாம்!

டவுன் பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பது நமக்கு மட்டுமே தெரிந்த வித்தை என்று நினைத்தால், வியன்னா மக்கள் சிரிப்பார்கள். ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில் உள்ள அரசு ஓபரா அரங்கில், நின்றுகொண்டு பார்க்கும் டிக்கெட் எடுத்தவர்கள் தங்களுக்கு முன்னால் இருக்கும் கம்பியில் கழுத்துத் துணியைக் கட்டி ஒரு முடிச்சுப் போடுவார்கள். அப்புறம் நிம்மதியாகக் காபி குடிக்கப் போய்விடுவார்கள். திரும்பி வரும்வரை அந்த இடம் அவர்களுடையது. பல தலைமுறையாக அங்கே இருந்துவரும் வழக்கம் இது.

ஆனால், ஓபரா என்றதும் நம் மனதில் வரும் படமே வேறு. வைர நெக்லஸ், கறுப்பு கோட், கையில் குட்டி பைனாகுலர். 'இதெல்லாம் நமக்குச் சரிப்படுமா?' என்ற தயக்கத்திலேயே வாசலில் ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறவர்கள் உண்டு. டிக்கெட் விலை, புரியாத மொழி, தெரியாத பழக்கவழக்கம் என்று இந்தத் தயக்கத்துக்கு மூன்று காரணங்கள். மூன்றுக்கும் வியன்னாவில் பதில் இருக்கிறது.

பேரரசர் பெட்டிக்குக் கீழே

1869 மே 25 அன்று மோட்சார்ட்டின் 'டான் ஜியோவானி'யுடன் திறக்கப்பட்ட அரங்கம் இது. பேரரசர் ஆண்ட காலம் என்பதால், மேடைக்கு நேர் எதிரே நட்ட நடுவில் அவருக்கென்று ஒரு பெட்டி அமைத்தார்கள். 1945 மார்ச் 12 அன்று விழுந்த குண்டுகளில் மேடையும் பார்வையாளர் பகுதியும் எரிந்துபோயின. மீண்டும் கட்டி, 1955 நவம்பர் 5 அன்று பீத்தோவனின் 'ஃபிடெலியோ'வுடன் திறந்தார்கள். அன்று உள்ளே இடம் கிடைக்காதவர்கள் வெளியே கூடி நின்று ஒலிபெருக்கியில் கேட்டார்கள். அந்த ஊருக்கு ஓபரா அவ்வளவு சொந்தமான விஷயம்.

இன்று சுமார் 1,700 பேர் உட்காரவும், 400-க்கும் மேற்பட்டோர் நிற்கவும் இடம் இருக்கிறது. நல்ல இருக்கை என்றால் 200 யூரோவைத் தாண்டும். நிற்கும் இடத்துக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. இதில் இன்னொரு சுவாரஸ்யம், தரைத்தளத்தில் நிற்கும் பகுதி அந்தப் பழைய பேரரசர் பெட்டிக்கு நேர் கீழே இருக்கிறது. ராஜா பார்த்த அதே கோணத்தில் மேடை தெரியும், கால் மட்டும் வலிக்கும்!

மொழி தெரியாதே?

பெரும்பாலான ஓபராக்கள் இத்தாலிய, ஜெர்மன், பிரெஞ்சு மொழிகளில் எழுதப்பட்டவை. முன்பெல்லாம் கதைப் புத்தகத்தைப் படித்துவிட்டுத்தான் போக வேண்டும். 1983 ஜனவரியில் கனடாவின் டொரன்டோ நகரில் 'எலெக்ட்ரா' ஓபரா நடந்தபோது, மேடைக்கு மேலே மொழிபெயர்ப்பை ஒளியில் காட்டினார்கள். 'இசைக்கு இடைஞ்சல்' என்று முகம் சுளித்தவர்கள் இருந்தாலும், அந்த முறை உலகமெங்கும் பரவிவிட்டது. வியன்னாவில் ஆளுக்கொரு குட்டித் திரை உண்டு. நிற்பவர்களுக்கும் உண்டு. ஆங்கிலம் உட்படப் பல மொழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

இருந்தாலும் கதையை முன்கூட்டியே படித்துவிட்டுப் போவது நல்லது. சஸ்பென்ஸ் கெட்டுவிடுமே என்ற கவலை வேண்டாம். திரௌபதி கதை தெரியாமலா தெருக்கூத்துக்குக் கூட்டம் கூடுகிறது? கதை தெரிந்தவருக்குத்தான் பாட்டைக் கவனிக்க நேரம் கிடைக்கும்.

ஒரு அப்பா வந்து கேட்கிறார்

முதல்முறை போகிறவர்களுக்கு ஏற்ற ஓபராக்களில் ஒன்று, வெர்டி இசையமைத்த 'லா டிராவியாட்டா'. 'வழி தவறியவள்' என்று பொருள்.

பாரிஸில் பணக்கார ஆண்களின் தயவில் ஆடம்பரமாக வாழும் வயலெட்டாவுக்குக் காசநோய். ஆல்ஃப்ரெடோ என்ற இளைஞன் அவளை உண்மையாகக் காதலிக்கிறான். பழைய வாழ்க்கையை உதறிவிட்டு, அவனோடு கிராமத்து வீட்டில் குடியேறுகிறாள். ஒருநாள் அவன் இல்லாத நேரத்தில் அவனுடைய அப்பா வருகிறார். மகனின் சொத்தைக் கரைக்கிறாள் என்ற கோபத்தோடு வந்தவருக்கு, அவள்தான் தன் சொத்தை விற்றுக் குடும்பம் நடத்துகிறாள் என்பது தெரிகிறது. ஆனாலும் கேட்கிறார்: 'என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. நீ என் மகனோடு இருந்தால் அது நின்றுபோகும். அவனை விட்டு விலகிவிடு.'

இதைப் படிக்கும்போதே எத்தனை தமிழ்ப் படங்கள் நினைவுக்கு வருகின்றன! சம்மதம் சொல்லும் வயலெட்டா அவரிடம் கேட்பது ஒன்றுதான். மகளை அணைப்பதுபோல் ஒருமுறை தன்னை அணைத்துக்கொள்ளச் சொல்கிறாள். காரணம் தெரியாத ஆல்ஃப்ரெடோ, பிறகு ஒரு விருந்தில் எல்லோர் முன்னாலும் சூதாட்டத்தில் ஜெயித்த பணத்தை அவள்மீது வீசி அவமானப்படுத்துகிறான். உண்மை தெரிந்து அவன் ஓடிவரும்போது அவள் மரணப்படுக்கையில் இருக்கிறாள்.

இடையே ஒரு சின்ன இடம். தவறை உணர்ந்த அப்பா எழுதிய கடிதத்தை அவள் வாசிக்கிறாள். அதைப் பாடுவதில்லை, சாதாரணமாகப் பேசுகிறாள். மாலை முழுக்கப் பாடிய குரல் அங்கே வெறும் பேச்சாக இறங்கும்போது, இத்தாலிய மொழியில் ஒரு வார்த்தைகூடத் தெரியாதவருக்கும் தொண்டை அடைக்கும்.

முதல் நாள் ஃபிளாப்

இன்று உலகில் மிக அதிகமாக மேடையேறும் ஓபராக்களில் ஒன்றான இது, முதல் நாளில் தோற்றது. 1853 மார்ச் 6, வெனிஸ் நகரின் லா ஃபெனிச்சே அரங்கம். முதல் பகுதிக்குக் கைதட்டல் கிடைத்தது. அதன்பின் நிலைமை மாறியது. நோயில் மெலிந்து சாக வேண்டிய நாயகியாக நடித்தவர் 38 வயதான, சற்றுப் பருமனான பாடகி என்று கேலி செய்தார்கள். கதை தன் காலத்தில், அன்றைய உடைகளோடு நடக்க வேண்டும் என்று வெர்டி விரும்பினார். அதிகாரிகளோ பழைய காலத்துக் கதையாகவே காட்ட வைத்தார்கள். சில திருத்தங்களோடு 1854 மே மாதம் அதே வெனிஸில் வேறோர் அரங்கில் மேடையேறியபோது, அதே ஊர் கொண்டாடியது.

ஓபராவிலேயே ஊறிய வெனிஸ் ரசிகர்களுக்கே இது முதல்முறை பிடிபடவில்லை. அப்படியிருக்க, முதல்முறை போகிறவர் 'எனக்கு எல்லாம் புரியவில்லையே' என்று கூச்சப்பட ஒன்றும் இல்லை.

மைக் இல்லாத குரல்

எதிரே முழு ஆர்க்கெஸ்ட்ரா முழங்கினாலும், பொதுவாகப் பாடகர்களுக்கு மைக் கிடையாது. அப்புறம் எப்படிக் கேட்கிறது? கத்துவதால் அல்ல. பயிற்சியின் மூலம், குறிப்பாக ஆண் பாடகர்கள், 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில் குரலின் வலிமையைக் கூட்டுகிறார்கள். ஆர்க்கெஸ்ட்ராவின் ஒலி அந்தப் பகுதியில் குறைவு. அந்த இடைவெளிக்குள் புகுந்து குரல் கடைசி வரிசைவரை வந்து சேர்கிறது. செல்போன் ஸ்பீக்கரில் இந்த அனுபவம் கிடைக்காது. நேரில் போக வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் இல்லை.

போகும் முன்...

* கோட்டும் டையும் கட்டாயமில்லை. சுத்தமான, கண்ணியமான உடை போதும். அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்பும் வேண்டாம்.
* நேரத்துக்கு முன்பே போய்விடுங்கள். தாமதமாக வந்தால் இடைவேளைவரை வெளியே காத்திருக்க நேரலாம்.
* எப்போது கைதட்டுவது என்று குழப்பமா? பக்கத்தில் நிற்பவர் தட்டும்போது தட்டுங்கள். ஆண் பாடகருக்கு 'பிராவோ', பெண் பாடகருக்கு 'பிராவா', எல்லோருக்கும் சேர்த்து 'பிராவி'.
* நான்கு மணி நேரத்தைத் தாண்டும் வாக்னர் ஓபராக்களை இரண்டாவது, மூன்றாவது முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.
* நிற்கப் போகிறீர்கள் என்றால் காலைக் கடிக்காத ஷூ முக்கியம்.

கடைசியில் திரை விழும். கைதட்டல் ஓய்ந்ததும், மேலே பெட்டியில் அமர்ந்திருந்தவரும் கீழே நின்றிருந்தவரும் ஒரே படிக்கட்டில் இறங்கி வருவார்கள். இரண்டு பேருடைய கண்ணும் கலங்கியிருக்கும். கம்பியில் கட்டிய துணியை மட்டும் மறக்காமல் அவிழ்த்துக்கொள்ள வேண்டும். கண்ணைத் துடைக்கவும் அதுதான் உதவும்!