மேகத்தில் அடகு வைத்த முகங்கள்

‘படங்களெல்லாம் மேகத்தில் இருக்கின்றன, பிறகென்ன கவலை?’ என்று கேட்போர் மூவாரிலும் உளர். கற்றோரும் இவ்வாறு கேட்பதுதான் வியப்பு. மேகம் வானத்தில் இல்லை; எங்கோ ஒரு நிறுவனத்தார் நடத்தும் கணினிக் கூடமே அது. கூகிள் நிறுவனம் 2015-இல் சற்றே சுருக்கிய படங்களை வரம்பின்றி இலவசமாக ஏற்றது; 2021 ஜூன் 1 முதல் புதியவற்றை 15 கிகாபைட் கணக்கில் அடக்கிவிட்டது. இலவசம் அத்தனை ஆண்டுகளே!

ஒத்திசைவு வேறு, காப்பு வேறு. கைப்பேசியில் அழித்த படம் மேகத்திலும் அழியும். அங்கிருந்து வீட்டுக் கணினியிலும் மறையும். ஆப்பிள் சேவையில் அது 30 நாள் தனித்தொகுப்பில் காத்திருக்கும். பேரப்பிள்ளை விளையாட்டாக அழித்ததை அடுத்த தீபாவளிக்குத் தேடினால் கிட்டுமா?

தொகுப்பு பழுதுற்றால் ஆப்பிள் கணினியில் ஆப்ஷன், கமாண்ட் விசைகளை அழுத்தியபடி ‘ஃபோட்டோஸ்’ செயலியைத் திறந்து சீர்செய்யலாம். பலர் உடனே அதில் இறங்கிவிடுகின்றனர். முதலில் தொகுப்பு முழுவதையும் வெளி வன்தட்டில் படியெடுத்தல் வேண்டும். அப்பணி பட்டியலைத்தான் செப்பனிடும். இல்லாத மூலப்படத்தைப் படைத்துத் தராது. இடத்தை மிச்சப்படுத்தும் அமைப்பைத் தெரிந்தவர் வீட்டில் சிறு படிவங்களே இருக்கும், மூலமோ மேகத்தில். மூலங்களைக் கணினிக்கு இறக்கும் அமைப்பு அச்செயலியிலேயே உண்டு. அதைத் தொட்டுப் பார்த்தவர் எத்தனை பேர்?

மலாயாவில் 1950களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டன, துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் கண்டது அதன் விளைவே. லயங்கள் மறைந்தன. லயத்து வாசலில் எடுத்த மங்கிய படம், பல குடும்பங்களுக்கு அவ்வாழ்வின் ஒரே சான்று. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரைச் சூழ்ந்த வெள்ளத்தை நினைவூட்டி, ‘தாளை நீர் கொண்டுபோகுமே’ என்பர் மேகவாதிகள். மெய்தான்! ஆயின் அதற்கு விடை மேகத்தை மட்டும் நம்புவதன்று. இன்னொரு படியை மேட்டுநிலத்து உறவினர் வீட்டில் வைப்பது.

மற்றொன்று. வருடியெடுத்த பழம்படத்திற்குக் கணினி இடும் தேதி, பெரும்பாலும் வருடிய நாளே. தாளின் பின்புறம் பென்சிலால் எழுதிய பெயர்களும் ஏறுவதில்லை. பாட்டி இருக்கும்போதே மாணவர் அவற்றைக் கேட்டெழுதி, படத்தோடு அதே வன்தட்டில் சேர்த்தல் வேண்டும்.